பூடில் கலப்புக் குட்டி வாங்கும் முன்: கேள்வி பதில்

லாப்ரடூடில் (லாப்ரடார்-பூடில்), காக்கபூ (காக்கர் ஸ்பானியல்-பூடில்) போன்ற பூடில் கலப்பு நாய்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும், நாய் வளர்ப்பிலும் முடி பராமரிப்பிலும் தேர்ந்த ஒருவர் சொன்ன பதில்களும்.

அக்கா, என் பையனுக்கு நாய் கிட்ட வந்தாலே தும்மல். லாப்ரடூடில் வாங்கினா அலர்ஜி வராதுன்னு விக்கிறவர் சொல்றார். நம்பலாமா? (சென்னை)

நம்பாதீர்கள். அலர்ஜிக்குக் காரணம் முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள்தான், முக்கியமாக 'கேன் எஃப் 1'. பூடிலுக்கும் அது உண்டு. 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முடியை எடுத்துச் சோதித்தபோது, பூடிலிலும் லாப்ரடூடிலிலும் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை.

இந்த நம்பிக்கை பிறந்த இடத்திலேயே பதிலும் இருக்கிறது. 1989இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்த்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த ஒரு பெண்ணுக்காக லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் என்றால் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். ஒரே ஈற்றிலேயே இப்படி என்றால், எந்த விற்பனையாளரும் உறுதி தர முடியாது.

முதலில் பையனின் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், தாய் தகப்பன் நாய்களோடு பையன் ஒரு மணி நேரம் இருக்கட்டும். வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். வீசிங் இருக்கிற பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் இதைக்கூடச் செய்யாதீர்கள்.

எஃப்1, எஃப்1பி, எஃப்2 என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, முடி கொட்டாதது எது? (மெல்போர்ன்)

லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்தால் எஃப்1. அதை மறுபடி பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. இரண்டு எஃப்1 சேர்ந்தால் எஃப்2. மீசை, புருவ முடி தந்து, முடி கொட்டுவதையும் குறைக்கும் மரபணு பூடிலிடம் இரண்டு பிரதி இருக்கும், லாப்ரடாரிடம் இருக்காது. ஒரு பிரதி போதும், மீசை வந்துவிடும். அதனால் எஃப்1 குட்டிகள் எல்லாவற்றுக்கும் மீசை இருக்கும், ஆனாலும் ஓரளவு முடி கொட்டும். எஃப்2வில் சராசரியாக நாலில் ஒன்றுக்கு மீசையே வராது. அது லாப்ரடாரைப் போலவே சோபா முழுக்கக் கொட்டும். எஃப்1பி குறைவாகக் கொட்டும், ஆனால் அதிகமாகச் சிக்கும். கொட்டாத முடி உடம்பிலேயே தங்கிச் சடையாகும். எந்த வேலை உங்களால் முடியும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

தினமும் சீவுகிறோம். ஆனாலும் பார்லரில் 'உள்ளே சடை, மொட்டைதான்' என்கிறார்கள். ஏன்? (கோவை)

மேலாகச் சீவுகிறீர்கள். மேல் முடி பஞ்சு போலப் பளபளக்கும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளம் போல இறுகியிருக்கும். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் குட்டி முடி உதிர்ந்து புது முடியில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கைமீறிப் போகிறது.

ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷால் அந்த வகிட்டிலிருந்து கீழ்நோக்கிச் சீவுங்கள். விரற்கடை உயரத்தில் அடுத்த வகிடு. காலில் தொடங்கி மேலே போவது வசதி. முடித்ததும் ஸ்டீல் சீப்பைத் தோல் வரை விட்டு இழுங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே சிக்கு. காதுக்குப் பின்னால், அக்குள், பட்டை உரசும் கழுத்து, வாலடி: இந்த நாலு இடத்தையும் ஒருநாளும் விடாதீர்கள்.

சிக்கோடு குளிப்பாட்டினால் தண்ணீர் பட்டு அது இன்னும் இறுகும்; சீவிய பிறகே குளியல். கத்தரியால் சடையை வெட்டாதீர்கள். சடைக்குள் தோல் இழுபட்டு ஏறியிருக்கும், வெட்டினால் தோலும் சேர்ந்து கிழியும். அதற்கு 10ஆம் எண் பிளேடு போட்ட கிளிப்பர்தான் வழி. பார்லருக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும்.

கலப்பு என்றால் நோய் குறைவு என்பது காக்கபூவுக்கும் பொருந்துமா? (லண்டன்)

இரண்டு இனத்துக்கும் பொதுவான நோயைக் கலப்பு தடுக்காது. பார்வையை மெல்லப் பறிக்கும் 'பிஆர்சிடி-பிஆர்ஏ' என்ற விழித்திரை நோய் பூடிலுக்கும் உண்டு, காக்கர் ஸ்பானியலுக்கும் உண்டு. இரு பெற்றோரும் அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒன்றாவது 'கிளியர்' என்று டிஎன்ஏ சான்றிதழ் காட்டினால் இந்தக் கவலை இல்லை. சின்ன பூடில் கலப்பில் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று பெற்றோரைச் சோதித்திருக்க வேண்டும். லாப்ரடூடில் என்றால் இடுப்பு எக்ஸ்ரே. 'டாக்டர் பார்த்தாச்சு' என்பது சான்றிதழ் ஆகாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் வளர்ப்பவரிடம் நேரடியாகவோ காப்பகத்திலோதான் குட்டி வாங்க முடியும். தாயோடு சேர்த்துக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

சென்னை வெயிலுக்குத் தாங்குமா அக்கா? மொட்டை அடிச்சுடலாமா?

தோல் தெரியும்படி வேண்டாம், வெயில் நேரே சுடும். ஓர் அங்குலம் விட்டு வெட்டினால் சீவவும் எளிது. நடை காலை ஆறரைக்குள். வெயிலைவிட எனக்குப் பயம் உண்ணிதான். சுருள் முடிக்குள் கண்ணில் படாது. காது மடல், விரலிடுக்கு, பட்டைக்கு அடியில் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. குளித்த பின் காதையும் உலர்த்துங்கள். உள்ளே முடி, மேலே தொங்கும் மடல், ஈரம் என்று மூன்றும் சேர்ந்தால் பூஞ்சை வரும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சரிப்படுமா? (மதுரை)

முதல் சில மாதம் வீட்டில் ஆள் வேண்டும். எட்டு வாரக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. பூடிலின் மூளையும் லாப்ரடாரின் உடம்பும் சேர்ந்த நாய்க்குத் தினம் ஒரு மணி நேர ஓட்டமாவது வேண்டும். அது முடியாத வீடு என்றால் இப்போது வாங்காதீர்கள்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது என்ன கவனிக்கணும்? (திருச்சி)

வயது எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இந்தியாவில் அதற்கு முன் விற்பது 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி தவறு. வளர்ப்பவரின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். வயிறு மட்டும் பானை போல உப்பி உடம்பு மெலிந்திருந்தால் பூச்சி இருக்கலாம். தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். பின்னால் நின்று மெல்லக் கைதட்டுங்கள், திரும்புகிறதா பாருங்கள். காதை முகர்ந்தால் புளித்த வாடை வரக்கூடாது. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கட்டும். பிறகு தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்களைக் கண்டு மூலையில் ஒடுங்கினாலோ உறுமினாலோ, குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.