கோடையில் பொமரேனியனுக்கு மொட்டை போடலாமா?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு நான்கு வயது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க இரைக்கிறது, சோபாவெல்லாம் முடி. மொட்டையடித்துவிட்டால் நிம்மதி என்கிறார் கணவர். செய்யலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் அவர் கையிலிருக்கும் மெஷினை வாங்கி ஒளித்து வையுங்கள். பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு: மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. மேல் முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது, அதை ஒட்ட வழித்தால் தோல் வெந்துபோகும், அதைவிட மோசம், இந்த இனத்துக்குச் சில சமயம் திரும்ப முளைக்கிற முடி திட்டுத் திட்டாகத்தான் வரும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

உதிரும் அடிமுடியைச் சீவி எடுங்கள், போதும். ஒரு கையால் முடியை விலக்கி, தோல் தெரிகிற இடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். மேலாகத் தடவிவிட்டால் பளபளவென்று இருக்கும், ஆனால் காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள், கம்பளித் துண்டு போலச் சிக்கு கிடக்கும். அதை எடுத்த பிறகுதான் குளியல், நனைந்தால் இன்னும் இறுகும். நம் ஷாம்பு வேண்டாம். அப்புறம், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிழலில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கும்போதும் இரைப்பு அடங்கவில்லையா? அது முடிப் பிரச்சினை இல்லை, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.