தங்கமீன், கோய் கேள்வி-பதில்: மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "என்ன மருந்து போடலாம்?" என்றுதான் முடிகின்றன. ஒன்றிலாவது தண்ணீரைச் சோதித்த அளவு இல்லை. அம்மோனியா, நைட்ரைட் (இரண்டும் மீன் கழிவிலிருந்து வரும் விஷங்கள்), பிஎச் (அமில-கார அளவு), கேஎச் (பிஎச் சரியாமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் அளவு) நான்கையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். அலமாரியில் சேரும் மருந்து பாட்டில்களுக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று வருடமாக ஒரு தங்கமீன். இன்னும் விரல் நீளம்தான். தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளருமாமே? (ஃபீனிக்ஸ்)

கிண்ணம் விற்பவர்கள் சொல்லும் சமாதானம் அது. சாதாரணத் தங்கமீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பத்துப் பதினைந்து வருடம் வாழும். உங்கள் மீன் வளராததற்குக் காரணம் அதன் கழிவு அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே தேங்குவதுதான். பெரிய தொட்டிக்கு மாற்றினால் உடம்பு தேறும். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் விட்டுப்போன வளர்ச்சி முழுதாகத் திரும்பி வராது.

ஆனால் நாளைக்கே புதுத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். அழுக்குத் தண்ணீருக்குப் பழகிய உடம்பு அது, திடீர் மாற்றம் கொன்றுவிடும். முதல் இரண்டு வாரம், சில நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஃபில்டர் வைத்த, 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி.

இரவில் கரன்ட் போன மறுநாள் காலையில் பெரிய கோய்கள் (வண்ணக் கெண்டை மீன்கள்) மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சின்னவை நன்றாகவே இருக்கின்றன. என்ன நோய்? (லெனேசியா)

நோய் இல்லை, மூச்சுத்திணறல். பெரிய மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, அதனால் முதலில் தவிப்பதும் அதுதான்.

உங்கள் ஊரின் உயரமும் ஒரு காரணம். லெனேசியா இருக்கும் ஜொஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. 25 டிகிரியில், கடலோர நகரமான டர்பனின் குளத்தில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலேயே ஆக்சிஜன் கரையும். உங்கள் பக்கம் 7-ஐக்கூடத் தொடாது. தண்ணீர் பச்சையாக இருந்தால் இன்னும் மோசம். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே பாசி, இரவில் அதை உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும்.

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023 அளவுக்கு இல்லைதான். ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் நம்மை விட்டபாடில்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை ஓட்ட முடியாவிட்டாலும் அதுவாவது ஓடட்டும். கரன்ட் இல்லாதபோது தீவனம் வேண்டாம்.

பலர் கவனிக்காதது ஒன்று: மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சின்றிச் சாகும், தண்ணீர் அழுகும். கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் குளத்தில் இறங்கும். முதலில் அதை வெளியே கொட்டுங்கள். பிறகு நாலைந்து நாள் அம்மோனியாவைச் சோதியுங்கள்.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். சரியா? (ஆக்டன்வில்)

உங்கள் ஊருக்குச் சரியில்லை. உங்கள் பகுதிக்குக் குடிநீர் வழங்கும் ரேண்ட் வாட்டர் நிறுவனம் தரும் நீரில் குளோரமினும் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) உண்டு, அது ஒரு ராத்திரியில் பறந்துபோகாது. குளோரமினை நீக்கும் என்று லேபிளில் எழுதியிருக்கும் மருந்தையே வாங்குங்கள். ஹோஸை நேரே குளத்தில் விடுவதாக இருந்தால், ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் போடாமல் குளத்தின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டுப் போட வேண்டும்.

ஜோஜோ டேங்கில் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் குளத்துக்கு விடுகிறேன். கெமிக்கலே இல்லை. ஆனாலும் கோய்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கின்றன. (சாட்ஸ்வர்த்)

கெமிக்கல் இல்லாததுதான் பிரச்சினை. மழைநீரில் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபில்டர் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். அதைத் தாங்க கேஎச் இல்லையென்றால் பிஎச் ஒரே இரவில் சரிந்துவிடும். விடியற்காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பிஎச் பாருங்கள். கேஎச் 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் சமையல் சோடா போடலாம் (பேக்கிங் பவுடர் அல்ல): 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் சுமார் ஒரு டிகிரி ஏறும். நாளுக்கு ஒரு டிகிரி போதும். ஆனால் அதற்கு முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

கூரை புதிய துத்தநாகத் தகடாக இருந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம். துத்தநாகம் மீனுக்கு விஷம்.

தங்கமீனின் கன்னத்தில் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைப்புள்ளி நோய் மருந்து போடவா? (டோங்காட்)

புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தால் உங்களுடையது ஆண் மீன், இனப்பெருக்கத்துக்குத் தயார். நாம் புரட்டாசி விரதம் இருக்கும் நாளில்தான் இங்கே வசந்தம், மீனுக்கு அது கல்யாண சீசன்! நோயாக இருந்தால் புள்ளிகள் உடம்பிலும் வாலிலும் கண்டபடி சிதறியிருக்கும், மீன் கல்லில் உரசும். மருந்து வேண்டாம். ஆண்கள் துரத்தித் துரத்திப் பெண் மீன் களைத்துவிட்டால் அதை மட்டும் சில நாள் தனியே விடுங்கள்.

ஜூலை குளிரில் கோய்களுக்கு எவ்வளவு தீவனம்? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், தண்ணீரில் தெர்மாமீட்டர் விடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் கோதுமை முளைக்கரு (வீட்ஜெர்ம்) சேர்ந்த தீவனம், அதுவும் கொஞ்சம். 10-க்குக் கீழே ஒன்றுமே வேண்டாம். மதிய வெயிலில் மீன் வந்து கெஞ்சும், இரங்காதீர்கள். இரவு குளிர்ந்ததும் தின்றது செரிக்காமல் கிடக்கும்.