ஒப்பந்தம் கைமாறிய பிறகு வீடு வேண்டாமென்றால்?

கேள்வி: லண்டனில் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு வாங்க, சென்ற ஆண்டு ஒப்பந்தம் பரிமாறிக்கொண்டோம். விலை 4,20,000 பவுண்டு. டெபாசிட்டாகப் பத்து சதவீதம், 42,000 கட்டினோம். இப்போது வங்கியின் மதிப்பீட்டாளர் 3,85,000தான் பெறும் என்கிறார். என் கணவருக்கும் வேலை போய்விட்டது. விலகிக்கொள்ள முடியுமா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விலகலாம். பணம் அநேகமாகக் கிடைக்காது. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது: இழப்பு அந்த 42,000 பவுண்டோடு நின்றுவிடுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தப் பிரதிகள் கைமாறும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரல்ல. வீட்டைக் கட்டி விற்பவர் ‘நியூ ஹோம்ஸ் குவாலிட்டி கோட்’ எனப்படும், புது வீடு விற்பவர்களுக்கான நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்ட நிறுவனமாக இருந்தால், முன்பதிவு செய்த 14 நாட்களுக்குள் மனம் மாறினாலும் முன்பதிவுத் தொகை முழுவதும் திரும்பிவிடும். பிரதிகள் கைமாறிய பிறகு அந்தச் சலுகைக்கு இடமில்லை. ஊரில் அச்சாரம் என்போமே, டெபாசிட்டும் அந்த வகைதான். கொடுத்த வாக்குக்குப் பிணை. 1884இல் வந்த ‘ஹவ் எதிர் ஸ்மித்’ தீர்ப்பு இன்றும் இதற்கு அடிப்படை. வாங்குபவர் வாக்குத் தவறினால், விற்பவருக்கு ஒரு பென்னிகூட நஷ்டம் இல்லாவிட்டாலும் டெபாசிட் அவருக்கே.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கட்டுநர் அந்த வீட்டை வேறொருவருக்கு 3,85,000க்கு விற்கிறார் என்றால் அவருக்கு நஷ்டம் 35,000. அது உங்கள் டெபாசிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சம் 7,000ஐ அவர் திருப்பித் தர வேண்டியதில்லை. 3,60,000க்குத்தான் விலைபோனது என்றால் நஷ்டம் 60,000. டெபாசிட் போக 18,000 பவுண்டும், மறுவிற்பனைச் செலவும் கேட்டு உங்கள்மீது வழக்குத் தொடரலாம். ‘போனால் டெபாசிட்தானே போகும்’ என்று சாவியை வாங்காமல் இருந்துவிடுபவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம், பிரிவு 49இன்படி டெபாசிட்டைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட முடியும். ஆனால் விலை இறங்கிவிட்டது, கடன் போதவில்லை என்ற காரணங்களோடு அந்தப் படியேறினால் வக்கீல் செலவுதான் மிஞ்சும். ஒன்று மட்டும் பாருங்கள். சில லண்டன் ஒப்பந்தங்களில் ஓராண்டு கழித்து இரண்டாவது பத்து சதவீதமும் கட்டச் சொல்வார்கள். டெபாசிட் பத்து சதவீதத்தைத் தாண்டினால் கட்டுநரின் பிடி சற்றுத் தளரும். 1993இல் ஜமைக்கா வழக்கொன்றில், லண்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில், 25 சதவீத டெபாசிட் நியாயமற்றது என்று சொல்லி, உண்மையான நஷ்டம் போக மீதியைத் திருப்பித் தரவைத்தது.

இனி, ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்து மூன்று இடங்களைத் தேடுங்கள். முதலாவது ‘லாங்ஸ்டாப் டேட்’ எனப்படும் கடைசிக் கெடு. அதற்குள் வீடு தயாராகவில்லை என்றால் டெபாசிட்டோடு வெளியேறும் உரிமை பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். அடுத்தது, கட்டுநர் செய்யக்கூடிய மாற்றங்களுக்கான வரம்பு. வரைபடத்தில் 70 சதுர மீட்டராக இருந்த வீடு 63ஆகச் சுருங்கியிருந்தால் விஷயம் பெரிது. கதவு உராய்கிறது, பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்பதெல்லாம் விலகக் காரணமாகாது. அவற்றைச் சரிசெய்து தரச் சொல்லலாம், அவ்வளவுதான். மூன்றாவது, ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க அனுமதி உண்டா என்பது. கட்டுநரின் சம்மதம் தேவைப்படும். இறங்கிய சந்தையில் உங்கள் டெபாசிட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும். முழுவதும் போவதற்கு அது மேல்.

விற்பனையாளர் சொன்ன பொய்யை நம்பித்தான் கையெழுத்திட்டீர்கள் என்றால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணைக்கு வரும். பழைய மின்னஞ்சல்களையும் விளம்பரப் புத்தகத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தாலும் இடைவெளி பெரிது. மதிப்பில் 85 சதவீதம் கடன் கிடைத்தால் 3,27,250. டெபாசிட் போக உங்களுக்குத் தேவை 3,78,000. அதாவது 50,750 பவுண்டு குறைகிறது. வேலை போன செய்தியை மறைத்து இந்தக் கடனை வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது மோசடிக் குற்றம்.

என் யோசனை, கட்டுநரிடம் நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள் என்பதுதான். அவருக்கும் வழக்கைவிட விற்பனை முடிவதுதான் தேவை. அதே கட்டடத்தில் சிறிய வீட்டுக்கு டெபாசிட்டை மாற்றித் தரச் சொல்லலாம், சில மாத அவகாசம் கேட்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம். கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கேட்பதில் நஷ்டமும் இல்லை. கடிதம் உங்கள் சொலிசிட்டர் (வக்கீல்) வழியே, பின்னால் வழக்கு வந்தால் அதை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாதபடி ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (without prejudice) என்ற குறிப்போடு போகட்டும். அந்தச் சொலிசிட்டர் கட்டுநரே பரிந்துரைத்தவர் என்றால் வெளியே இன்னொருவரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள்.

வீடு தயார் என்ற நோட்டீஸ் வந்துவிட்டால், பல ஒப்பந்தங்களில் பணம் செலுத்த பத்து வேலை நாட்கள்தான் இருக்கும். அந்த உறை வருவதற்கு முன் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.