நடுவில் இருந்த துண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிடி ஸ்கேனுக்குக் கணக்குப் போட்டது ஓர் இயற்பியல் பேராசிரியர் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆலையில் அலுமினிய வார்ப்புகளுக்குள் ப்ளோ ஹோல் (காற்று அடைபட்ட ஓட்டை) இருக்கிறதா என்று சிடியில் வைத்துத்தான் பார்க்கிறோம். ஆஸ்பத்திரி மெஷினைத்தான் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் சூப்பர்வைசர். அப்படியா?

கே.

அன்புள்ள கே.,

பாதி சரி. ஆனால் அந்தப் பேராசிரியரின் கணக்கில் முதலில் மாட்டியது நோயாளியின் கட்டி இல்லை, உங்கள் ஆலைச் சமாச்சாரம்தான்.

அவர் பெயர் ஆலன் கார்மாக், 1956இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக விரிவுரையாளர். அங்குள்ள க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருளைக் கையாள தகுதியான இயற்பியலாளர் மேற்பார்வை வேண்டும் என்பது சட்டம். ஊரில் அணு இயற்பியல் படித்தவர் இவர் ஒருவர்தான், ஆகவே வாரம் ஒன்றரை நாள் வேலையை இவர் தலையில் கட்டினார்கள். போன இடத்தில், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது எலும்பு, நுரையீரல், சதை எல்லாவற்றையும் ஒரே பொருளாக எண்ணிக் கணக்குப் போடுவதைப் பார்த்தார். உள்ளே எந்த இடம் எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்று வெளியிலிருந்தே அளக்க முடியாதா? ஒரு கதிர் தன் வழி நெடுக விழுங்கப்பட்ட மொத்தத்தைத்தான் சொல்லும். கட்டங்களின் கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்து உள்ளே உள்ள எண்களைக் கேட்கும் புதிர் மாதிரிதான், பல கோணத்தில் கூட்டுத்தொகை கிடைத்தால் விடை வரும்.

1957இல் சோதித்துப் பார்த்தார். நடுவில் அலுமினிய உருளை, சுற்றி மரவளையம், மொத்தம் 20 செ.மீ. அகலம், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் கதிர். வட்டமாக வைத்ததே தந்திரம்தான்: எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு கோணத்தில் அளந்தாலே போதும். விடை ஒழுங்காக வந்தது. ஆனால் வரைபடத்தில் மையத்தை ஒட்டிய மூன்று புள்ளிகள் மட்டும் அலுமினியத்தின் மற்றப் புள்ளிகளோடு சேராமல் சற்றே வேறு சாய்வில் நின்றன. பட்டறையில் விசாரித்தால், உருளையின் நடுவில் கொஞ்சம் குறைவாகக் கதிரை விழுங்கும் வேறொரு துண்டைச் செருகியிருந்தார்களாம்! எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். அளந்தவருக்கே தெரியாததை அளவு காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1963இலும் 1964இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அநேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதி கேட்டவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்துக்காரர்; மலைமேல் கிடக்கும் பனியை அளக்க உதவுமா என்று பார்த்திருப்பார்கள்போல, அதற்குக் கதிர்க்கருவியையோ உணர்கருவியையோ பனிக்கு அடியில் மலைக்குள் வைக்க வேண்டும். புறக்கணிக்கப்பட்ட மேதை என்று கண்ணீர் விட வேண்டாம், இது அவருக்கு இடையிடையே பார்த்த பக்க வேலை, பிழைப்பு அணுத்துகள் ஆய்வில். இவரை அறியாமலே இங்கிலாந்தில் இஎம்ஐ என்ற கம்பெனியின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் மெஷினையே கட்டி, 1971இல் முதல் நோயாளியைப் படம் எடுத்தார். 1979 நோபல் பரிசு இருவருக்கும்.

சரி, உங்கள் கேள்வி. கணக்கு ஒன்றே, மெஷின் வேறு. ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்க எக்ஸ்ரே குழாய் சுற்றும். ஆலையில் பெரும்பாலும் குழாய் நிற்க வார்ப்பு சுழலும். உங்கள் வார்ப்பு மூச்சு விடாது, அசையாது, அதற்குப் புற்றுநோய் வராது, எனவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதிரைப் பாய்ச்சலாம். குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஆஸ்பத்திரியில் 120 கேவி (கிலோவோல்ட்) சாதாரணம், ஆலையில் 225, 450 என்றெல்லாம் போகும். உங்கள் மெஷினில் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள்.