கேளுங்க சொல்றேன்: ஆன்லைன்ல ஜிஐஎஸ் மாஸ்டர்ஸ்

கேள்வி: வணக்கம் அக்கா. சிவில் இன்ஜினியரிங் முடிச்சிட்டு கேஎல்ல ஒரு கம்பெனில ட்ரெயினேஜ் டிராயிங் போட்டுக்கிட்டு இருக்கேன். ஜிஐஎஸ்ல, அதான் கம்ப்யூட்டர்ல மேப்பையும் இடம் பத்தின டேட்டாவையும் சேத்து அலசற துறை, அதுல மாஸ்டர்ஸ் பண்ண ஆசை. வீட்டு லோன் ஓடுது, வேலைய விட முடியாது, அதனால ஆன்லைன்தான். வெளிநாட்டு யூனிவர்சிட்டி நல்லதா, இங்கயே பாக்கலாமா? ஆன்லைன் பட்டத்த யாராச்சும் மதிப்பாங்களா?
- வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, யாரு மதிக்கணும்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்தான். ஜூப்பெம் (நில அளவைத் துறை), பிளான்மலேசியா (நகரத் திட்டத் துறை) மாதிரி அரசாங்க இடத்துக்குப் போற எண்ணம் இருந்தா ஜேபிஏ, அதான் பொதுச் சேவைத் துறை, தர்ற அங்கீகாரம்தான் கதவு. உள்ளூர் படிப்புன்னா படிப்போட தரத்தப் பாத்து அங்கீகாரம் தர்ற எம்கியூஏ வச்சிருக்கிற எம்கியூஆர் பட்டியல்ல அந்தப் படிப்போட பேரே இருக்கான்னு பாருங்க, யூனிவர்சிட்டி பேரு இருந்தா மட்டும் பத்தாது. வெளிநாட்டுப் படிப்புன்னா பணம் கட்டறதுக்கு முன்னாடியே ஜேபிஏக்கு எழுதிக் கேட்டுடுங்க, யூனிவர்சிட்டி பேரு, படிப்போட முழுப் பேரு, முழுக்க ஆன்லைன்ல படிக்கப் போறேன்ங்கிற விஷயம், மூணையும் போட்டு எழுதணும். சேர்த்து விடற ஏஜெண்டு "எல்லாம் ஓகே லா"ன்னு சொல்வாரு, அது அவரு கமிஷனுக்கு ஓகே.

பிரைவேட்னா வேற மாதிரி. டெலிகோ, கரண்டு, தண்ணி, செம்பனைத் தோட்டம், இவங்கல்லாம் பட்டம் எந்த ஊருன்னு ஒரு தடவ பாத்துட்டு, நீ என்ன மேப் பண்ணிருக்க, டேட்டா எங்க இருந்து எடுத்த, பைதான்ல ப்ரோகிராம் எழுதத் தெரியுமா, டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் தெரியுமான்னு அதுக்குத்தான் வருவாங்க.

ஆன்லைன்ல பேர் எடுத்த படிப்புன்னா அமெரிக்காவுல பென் ஸ்டேட் யூனிவர்சிட்டி, அங்க ஜிஐஎஸ் சர்டிபிகேட் 1999லயே ஆன்லைன்ல ஆரம்பிச்சிட்டாங்க, இப்ப மாஸ்டர்ஸும் இருக்கு, கடைசில ஒரு அட்வைசர் கூட சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணி நாலு பேரு முன்னாடி பேசிக் காட்டணும். ஐரோப்பாவுல சால்ஸ்பர்க் யூனிவர்சிட்டி நடத்துற யூனிஜிஐஎஸ். இங்க யூடிஎம், யூபிஎம் ரெண்டு யூனிவர்சிட்டிலயும் இந்தத் துறை நல்லாவே இருக்கு, ஆனா கிளாஸுக்கு நேர்ல வரணுமா, வீக்எண்டா, ஆன்லைனா, அத அங்கயே கேட்டுக்குங்க. நேர கணக்கையும் பாத்துக்குங்க, அமெரிக்க கிழக்குக் கரைக்கும் நமக்கும் 12 மணி நேரம், குளிர்காலத்துல 13, அவங்க ராத்திரி எட்டு மணிக்கு லைவ் கிளாஸ் வச்சா நமக்கு அது மறுநாள் காலைல எட்டோ ஒம்பதோ, நீங்க அப்ப ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டு இருப்பீங்க. அதனால ரெக்கார்டிங் பாத்து வாரக் கடைசிக்குள்ள அசைன்மெண்ட் போட்டா போதும்ங்கிற மாதிரி படிப்பா தேடுங்க.

என்னைய கேட்டா எங்க படிக்கிறதுங்கறத விட அந்தக் கடைசி ப்ராஜெக்ட்தான் முக்கியம். அத நம்ம ஊரு டேட்டால பண்ண விடுவாங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. விடமாட்டாங்கன்னா அந்தக் காசுக்கு நான் யோசிப்பேன், ஏன்னா அமெரிக்க டேட்டா எல்லாம் சீவி சிங்காரிச்சு வரும், இங்க வேலைல உங்க கைக்கு வர்றது அப்படி இருக்காது. உங்க ஏரியாவையே எடுத்துக்குவோம். ஜாலான் ஈப்போவுல ஒரு பகுதி 2014ல ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆச்சு இல்லையா, ஒரு ஃபைல்ல பழைய பேரு இருக்கும், இன்னொன்னுல புதுப் பேரு, சரின்னு நீங்க டேபிள்ல ரெண்டு நெடுவரிசை போட்டு மலாய்ல நாமா_ஜாலான்_லாமா, நாமா_ஜாலான்_பாருன்னு (லாமா பழசு, பாரு புதுசு) பேரு வச்சு ஷேப்ஃபைல்ங்கற மேப் ஃபைல் வகைல சேவ் பண்ணுவீங்க, ஷேப்ஃபைல் நெடுவரிசைப் பேர பத்து எழுத்துக்கு மேல வச்சுக்காது, ரோமன் எழுத்துல நாமா_ஜாலான்ங்கறதே சரியா பத்து, லாமாவும் பாருவும் வெட்டுப்பட்டுப் போய் எது பழசு எது புதுசுன்னே தெரியாது. ஜியோபேக்கேஜ்னு இன்னொரு ஃபைல் வகைல சேவ் பண்ணுங்க, இந்தத் தொல்லை இல்ல.

காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு மூணு மாசம் கியூஜிஐஎஸ்ங்கற ஜிஐஎஸ் சாஃப்ட்வேர போட்டுப் பாருங்க, இலவசம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இலவச ஆன்லைன் மேப்ல இருந்து செந்தூல் ரோடு, ஆறு எல்லாம் எடுங்க, எஸ்ஆர்டிஎம் உயர டேட்டாவ இறக்குங்க, தண்ணி எங்க தேங்கும்னு ஒரு மேப் போடுங்க. கலர் கலரா அழகா வரும், வந்ததும் அத நம்பாதீங்க. அந்த உயரம் 2000 பிப்ரவரில விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்தது, நீங்க இப்ப பாக்கிற பாதி கொண்டோ அப்ப இல்ல, ஒரு கட்டம் 30 மீட்டர், உங்க வீட்டு முன்னாடி லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) ஒரு மீட்டர் இருக்குமா? அது அந்த மேப்புல கிடையவே கிடையாது. நீங்க ட்ரெயினேஜ் ஆளு, இது உங்களுக்கு மத்தவங்கள விட சீக்கிரம் உறைக்கும், இந்தத் துறைல உங்க பலமே அதான். அந்த மூணு மாசத்துல பாதி நாள் எரிச்சல் வந்தும் மறுபடி போய் லேப்டாப்ப தொறந்தீங்கன்னா தாராளமா சேருங்க.

பணத்துக்கு கேடபிள்யூஎஸ்பில, அதான் ஊழியர் சேமநிதில, அக்கவுன் செஜாத்தராங்கற கணக்குல இருந்து படிப்புக்கு எடுக்கலாம், நீங்க பாத்திருக்கிற படிப்புக்குத் தருவாங்களான்னு கவுண்டர்லயே கேட்டுட்டு வாங்க.

கேள்வி: எனக்கு வயசு 36, டிப்ளோமாதான் இருக்கு. பிறைல சர்வே கம்பெனில பத்து வருஷத்துக்கு மேல வேலை. டிகிரி இல்லாம மாஸ்டர்ஸ் முடியுமா அக்கா? முடிச்சா நானே நில எல்லை அளந்து கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மொத கேள்விக்கு வழி இருக்கு தங்கச்சி. எம்கியூஏவோட ஆப்பெல்னு ஒரு முறை, 30 வயசு தாண்டி எஸ்டிபிஎம்மோ (ஆறாம் படிவத் தேர்வு) டிப்ளோமாவோ வச்சிருந்து அந்தத் துறைலயே வேலை அனுபவமும் இருந்தா மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சை உண்டு, செஞ்ச வேலைக்கெல்லாம் ஆதாரம் சேத்து ஒரு ஃபைல் குடுக்கணும். பழைய ஆஃபர் லெட்டர், சைட் ரிப்போர்ட், கோர்ஸ் சர்டிபிகேட் எல்லாத்தையும் இப்பவே தேடி எடுத்து வைங்க, பாஸ் மனசு மாறறதுக்குள்ள வேலைய விவரிச்சு ஒரு கடிதமும் வாங்கிடுங்க. ஆனா இது உள்ளூர்ல இடம் கிடைக்கிறதுக்கு, வெளிநாட்டுக்காரன் இத ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல.

ரெண்டாவது, முடியாது. எல்லை அளந்து கையெழுத்துப் போடறது லைசன்ஸ் வாங்கின நில அளவையாளர் வேலை, அதுக்கு 1958ம் வருஷத்துச் சட்டம் தனியா இருக்கு, ஜிஐஎஸ்ல எத்தன பட்டம் வாங்கினாலும் அந்த லைசன்ஸ் ஆகாது. உங்க பாஸே ஜிஐஎஸ் படிச்சா லைசன்ஸ் கிடைக்கும்னு சொல்லியிருந்தா அவருகிட்ட எழுத்துல கேளுங்க, எழுதித் தர மாட்டாரு.

கேள்வி: மேக்புக் வச்சிருக்கேன், ஜிஐஎஸ் படிக்க போதுமா?
- மாணவர், பாயான் லெப்பாஸ்

பதில்: கியூஜிஐஎஸ் ஓடும். ஆர்க்ஜிஐஎஸ் புரோங்கற இன்னொரு ஜிஐஎஸ் சாஃப்ட்வேர் விண்டோஸ்க்கு மட்டும்தான் வருது. யூனிவர்சிட்டில ரிமோட் டெஸ்க்டாப் (அவங்க கம்ப்யூட்டர நெட் வழியா ஓட்டறது) தர்றாங்களான்னு கேட்டுட்டு அப்பறம் புது லேப்டாப்புக்கு அப்பாகிட்ட போங்க.