மசக்கை தீர்ந்தும் தீராத மனத்தாங்கல்

கேள்வி: திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி, கருவுற்ற நாளிலிருந்து என்னிடம் ஒட்டாமலே இருக்கிறார். வேலையை விடச் சொன்னால் அழுகிறார். என் தாயாரோ, "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்கிறார். குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: குழந்தை பிறக்கட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து அவர் தாய்வீடு போய்விட்டால் இருவரும் தனியே பேசுவதே அரிதாகிவிடும் என்பதால், உங்கள் கையில் இருப்பது இந்த இரண்டு மாதங்கள்தான்.

மசக்கைக் குமட்டல் பொதுவாக 9-ஆவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரங்களுக்குள் தணிந்துவிடும். அந்த நாட்களில் தாளிக்கும் வாசனையும், சிலருக்குக் கணவரின் தலையெண்ணெய் வாசனையும்கூடக் குமட்டும். அதனால் அவர் தள்ளிப் படுத்ததை வெறுப்பென்று எண்ணி நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். நீங்கள் ஒதுங்கியதை அவர் அக்கறையின்மை என்று எண்ணியிருக்கலாம். குமட்டல் நின்ற பிறகும் அந்த ஒதுக்கம் பழக்கமாகத் தங்கிவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். "அப்போது எனக்குப் புரியவில்லை" என்று நீங்களே முதலில் பேச்சைத் தொடங்குங்கள்.

உங்கள் தாயார் சொல்வது பொய்யன்று. தாம் பட்டபோது யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தமும் அச்சொல்லில் இருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஆனால் அவருக்குரிய பதிலை மருமகள் சொல்லும்படி விட்டுவிடாமல், மகனாகிய நீங்கள்தான் பணிவாகச் சொல்ல வேண்டும்.

வேலையை விடுவதா என்பது உங்கள் மனைவி முடிவு செய்ய வேண்டியது. தகுதியுள்ள பெண்களுக்கு முதல் பிரசவத்துக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பைச் சட்டம் வழங்குகிறது. அதில் 8 வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதுவரை அவருக்குச் சுமையாக இருப்பது அலுவலகமா, அதற்கு முன்னும் பின்னும் காத்திருக்கும் அடுப்படியா என்று கேட்டுப் பாருங்கள். அடுப்படி என்றால் காலைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

அழுகையும் உறக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது பிணக்கு அன்று, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். தாம்பத்திய உறவு குறித்த அச்சமிருந்தால் அதையும் மருத்துவரிடமே கேளுங்கள். சிக்கலற்ற கர்ப்பத்தில் பொதுவாகத் தடையில்லை. அடுத்த பரிசோதனையின்போது வெளியே வண்டியருகில் நிற்காமல், மருத்துவமனை அனுமதித்தால் மனைவியுடன் உள்ளே சென்று அமருங்கள்.