பேய் ஒளிந்திருக்கும் கடைசி ஃபாரம்

வாசகர் கேள்வி - பதில்: பழைய துப்பறியும் நாவல்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி பேயைப் பற்றியவை, மீதி பூச்சியைப் பற்றியவை. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பழைய மாத நாவல்களில் முக்கால்வாசிக் கதை வரைக்கும் பேய் நடமாடுகிறது. கடைசியில் பார்த்தால், சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறார். இது வாசிக்கிறவரை ஏமாற்றுவதல்லவா? பேய் கடைசிவரை பேயாகவே இருக்கும் துப்பறியும் கதை உண்டா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சித்தப்பா வந்ததில் குற்றமில்லை. அவர்தான் வருவார் என்பதற்கு முன்பே எங்காவது ஒரு தடயம் போட்டிருந்தார்களா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கோபம் நியாயம்.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் இரண்டாவது, அமானுஷ்ய சக்தி எதுவும் கதைக்குள் வேலை செய்யக்கூடாது என்பது. நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஆவியை வெளியே நிறுத்தியவர் அவர் என்பது வேடிக்கைதான். ஆனால், பேய் வந்ததுபோலத் தோன்றுவதற்கு அந்தக் கட்டளையில் தடை இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் இந்த வகைக் கதைகள் எல்லாம் பிழைக்கின்றன.

முன்மாதிரி, ஆர்தர் கொனன் டொயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டை நாய்’. 1901 ஓகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் தொடராக வந்தது. நெருப்பு கக்கும் நரகத்து நாய்க்கு விளக்கம் பொசுபரசு. வெள்ளைப் பொசுபரசு காற்றுப்பட்டால் ஒளிரும், உண்மை. ஆனால் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் தானாகவே பற்றிக்கொள்ளும் பொருள் அது. கதை இங்கிலாந்தின் குளிர்ச் சதுப்பில் நடந்ததால் தப்பியது. கச்சான் என்னும் வெப்பக் காற்று அடிக்கும் மாதத்தில் நமது கிழக்கிலங்கைப் பக்கம் நடந்திருந்தால் நாய்தான் முதல் பலி. டொயில் பிற்காலத்தில் ஆவிகளை முழுமையாக நம்பியவர். இருந்தும் 1924இல் வந்த இரத்தக்காட்டேரிக் கதையில்கூடத் தன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை நம்ப விடவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: உண்டு. ஜோன் டிக்சன் கார் 1937இல் எழுதிய ‘தி பேர்னிங் கோர்ட்’ நாவலில் எல்லா மர்மத்துக்கும் உலகியல் விளக்கம் கிடைத்துவிடும். பிறகு கடைசிச் சில பக்கங்களில் அந்த விளக்கமே ஆட்டம் காணும். தமிழில் இதற்கு ஈடாகச் சொல்ல சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இருக்கிறது. குமுதத்தில் தொடராக வந்தது. துப்பறியும் வக்கீல் கணேஷ் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் உதவியாளர் வசந்துக்குப் பேய் மீது சந்தேகம் தீருவதில்லை. ஹோலோகிராம் என்ற சொல்லைப் பலர் முதலில் படித்தது அதில்தான்.

(அகதா கிறிஸ்டியின் ‘தி பேல் ஹோர்ஸ்’ படிக்க வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள்.) 1961இல் வந்த அந்த நாவலில் சூனியக்காரிகள் மூவர் இருந்த இடத்திலிருந்தே ஆட்களைச் சாகடிப்பதாக ஊர் நம்புகிறது. உண்மையில் வேலை செய்வது தாலியம் என்ற நஞ்சு. சாகிறவர்களுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதுதான் தடயம், அதைக் கிறிஸ்டி ஒளித்து வைக்கவே இல்லை. 1977இல் லண்டன் வைத்தியசாலையொன்றில் காரணம் பிடிபடாமல் கிடந்த குழந்தைக்குத் தாலியம் ஏறியிருக்கலாம் என்று முதலில் சொன்னவர், அப்போது இந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்த ஒரு தாதி. குழந்தை பிழைத்தது.

கேள்வி: பேயையே துப்பறிகிறவர்கள் கதை உண்டா?
- அக்கரைப்பற்று

பதில்: உண்டு. வில்லியம் ஹோப் ஹொட்ஜ்சனின் ‘கார்னாக்கி’ கதைகள் 1913இல் நூலாயின. சிலவற்றில் பேய் மனிதச் சூழ்ச்சி, சிலவற்றில் அசல் பேய். எது எதுவென்று முன்கூட்டித் தெரியாததுதான் சுவை.

கேள்வி: மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப்போக விடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் கதையை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுத எண்ணம். மந்திரம் பலித்ததாகக் காட்டலாமா?
- ஏறாவூர்

பதில்: காட்டலாம். எழுதும் முன் ஒரு தாளை நெடுக மடித்து, இடப்பக்கம் ‘ஊர் நம்பியது’, வலப்பக்கம் ‘நடந்தது’ என்று ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் சம்பவம் ஒன்றாவது இருந்தால் கதையைத் தொடங்காதீர்கள். இன்னொன்று, மந்திரக்காரரைக் கொலையாளியாக்க வேண்டாம். வாசகர் முதற் பக்கத்திலேயே அவரைத்தான் பிடிப்பார்.

கேள்வி: பழைய வீடொன்றில் ஒரு சாக்குத் துப்பறியும் நாவல்கள் கிடைத்தன. பலவற்றில் பதிப்புப் பக்கம் கிழிந்துவிட்டது. எந்த ஆண்டில் வந்தவை என்று அறிய வழி உண்டா?
- கல்முனை

பதில்: ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும் பத்து வருட வட்டத்துக்குள் கொண்டுவரலாம்.

முதலில் விலையைப் பாருங்கள். தமிழகத்து நூலில் அணாவில் விலை இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் ‘பைசா’ என்றால் அதற்குப் பிறகு. நம் நாட்டில் 1872 முதலே சதக் கணக்கு என்பதால் இலங்கைப் பதிப்புகளுக்கு இந்த வழி உதவாது.

அடுத்தது விலாசம். ‘சென்னை-17’ என்ற பழைய வலய எண் மட்டும் இருக்கிறதா, ‘சென்னை-600 017’ என்று ஆறு இலக்கம் இருக்கிறதா? இந்தியாவில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஓகஸ்டில் வந்தது. ஆறிலக்கம் இருந்தால் அதற்கு முந்திய அச்சாக இருக்க வழியில்லை. பழைய எண் இருப்பது அவ்வளவு உறுதியான சான்றல்ல. பழக்கத்தில் சில வருடம் அப்படியே அச்சடித்தவர்கள் உண்டு.

பிறகு எழுத்து. ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகியவற்றில் யானைத் தும்பிக்கைபோல மேலே வளைந்த கொம்பும், ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றும் கால் போடாமல் சுழித்த பழைய வடிவமும் இருந்தால், தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஈய எழுத்தை மாற்றச் செலவாகும் என்பதால் நம் பக்கத்து அச்சகங்களில் பழைய வடிவம் மேலும் பல வருடம் ஓடியது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் அதிகம் உதவும்: அறுபதுகளின் முதற்பதிப்பு என்று சொல்லி விற்கும் பிரதியில் புதிய ‘லை’ இருந்தால், அது பின்னால் அச்சுக்கோத்த மறுபதிப்பு.

ஈய எழுத்தை அழுத்தி அடித்ததா, ஒப்செற் முறையில் அழுத்தமின்றி அடித்ததா என்று விரலாலேயே அறியலாம். தாளைத் திருப்பி, வரிகளின் பின்புறத்தில் நுனிவிரலை மெதுவாக ஓட்டுங்கள். ஈய எழுத்து என்றால் தாள் சற்றே புடைத்திருக்கும். ஒப்செற் வழுவழுவென்று போகும்.

உரிமையாளர் எழுதிய விலாசத்தையும் விடாதீர்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ‘கல்முனை, அம்பாறை மாவட்டம்’ என்றிருந்தால் அந்தக் கையெழுத்து அதற்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்ற கடை முத்திரை பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திகதி முத்திரை சொல்வது, புத்தகம் அந்த நாளில் இருந்தது என்பதை. அச்சான நாளை அது சொல்லாது.

கேள்வி: தொடர்கதையைச் சஞ்சிகையிலிருந்து கிழித்துக் கட்டிய பைண்டிங் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? எழுபதுகளின் நாவல்கள் இங்கு கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம்?
- வாழைச்சேனை

பதில்: கடைசியிலிருந்து பாருங்கள். பேயின் முடிச்சு அவிழ்வது அங்கேதான், முதலில் தொலைவதும் அதுதான். பைண்டிங்கில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் உள்ள எண்ணை வரிசையாகச் சரிபாருங்கள். ‘தொடரும்’ என்ற சொல்லோடு புத்தகம் முடிந்தால் பாதி விலைக்குக்கூட வாங்காதீர்கள். கட்டியவர் ஓரம் வெட்டும்போது எழுத்தையோ ஓவியத்தையோ நறுக்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அத்தியாயத்தின் பின்புறத்தில் தப்பிய விளம்பரமும் துணுக்கும் அழுக்கல்ல. வாரத்தைக் கண்டுபிடிக்க அவையே துணை.

அச்சிட்ட நாவல் என்றால் ஃபாரம் கணக்குப் போடுங்கள். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 96 பக்கம் என்றால் ஆறு. நடு மடிப்பில் கம்பிப் பின் அடித்த மெல்லிய மாத நாவலில் ஒரு சங்கதி உண்டு. அதன் முதற்தாளும் கடைசித்தாளும் ஒரே கடதாசியின் இரண்டு பாதிகள். வெளித்தாள் கழன்றால் பதிப்பு விபரமும் கொலையாளியும் சேர்ந்தே போய்விடும். முடிவு கிழிந்த பிரதிகளில் முதற்பக்கமும் இல்லாதிருப்பது அதனால்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழகத்து வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற உள்நாட்டு நாவல்கள் விலைபோயின. ஆகவே அந்தச் சில வருடத்துத் தமிழக நாவல்கள் இங்கே பெரும்பாலும் பின்னர் வந்தவை. வந்தவற்றிலும் 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 கடற்கோளும் கரையோர வீடுகளில் மிச்சம் வைத்தது கொஞ்சம். உள்ளூர்ப் பதிப்பு நல்ல நிலையில் கண்ணில் பட்டால் தமிழகத்துப் பதிப்பைவிட அதை முதலில் எடுங்கள்.

கேள்வி: பின் துருப்பிடித்துத் தாள் பழுப்பாகிறது. இராமபாணப் பூச்சியும் இருக்கிறது. பூச்சி உருண்டை போட்டால் போதுமா? பின்னைக் கழற்றலாமா?
- காத்தான்குடி

பதில்: உருண்டை வேண்டாம். அதன் வாடை தாளை விட்டுப் போகாது, மனிதருக்கும் ஆகாது, உள்ளே இருக்கும் முட்டையையும் அது முழுதாக அழிக்காது.

பூச்சிக்குக் குளிர்தான் மருந்து. புத்தகத்தை வெள்ளைக் கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒட்டி மூடுங்கள். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசைத் தொடும் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது; ஒரு முழுநாள் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர் ஈரம் குளிர்ந்த தாளில் தண்ணீராகப் படியும். இடையில் நெடுநேரம் மின்சாரம் போய் ஐஸ் உருகினால் நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். ஈரமான புத்தகத்துக்கு இந்த முறை பொருந்தாது.

இனி அந்தக் கம்பிப் பின். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து, மடங்கிய கால்களின் கீழே ஒரு பழைய தொலைபேசி அட்டையைச் செருகுங்கள். மொட்டைக் கத்தி முனையால் கால்களை நிமிர்த்தி, அட்டைப் பக்கமாக உருவுங்கள். பின் கழற்றும் கருவியின் பல்லை விட்டால் தாள் கிழியும். துருத்தூளை மெல்லிய தூரிகையால் வெளிநோக்கித் தட்டுங்கள், ஈரத்துணி படக்கூடாது.

மறுபடி பின் அடிக்காமல் வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள். புத்தக உயரத்தைப்போல இரண்டரை மடங்கு நூல் வேண்டும். 18 சென்ரிமீற்றர் என்றால் 45. மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல் துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, திரும்பவும் நடுத்துளை வழியாக உள்ளே. இரண்டு முனைகளும் நீண்டு கிடக்கும் நூலுக்கு இருபுறமும் வரவேண்டும். அதன் மேல் முடிச்சு. இறுக்கினால் நூல் தாளை அறுக்கும். முதுகோரம் ஊடுருவிப் பின் அடித்த தடித்த நாவலில் இதைச் செய்யாதீர்கள், தாள்கள் தனித்தனியாகக் கொட்டும். பின் உடையாதவரை அதைத் தொட வேண்டாம்.

செலோடேப்பும் லெமினேற்றிங்கும் புத்தகத்துக்கு எமன். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், எடுக்கவும் முடியாது. ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும். வாடைக்காலத்தில் அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டில் புத்தகம் வைக்காதீர்கள். பெட்டியைத் திறந்து காற்றாட விடுவது கச்சான் காலத்தில், நிழலில், மண் பறக்காத காலைப்பொழுதில்.

கேள்வி: என்னிடமுள்ள நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கொலைசெய்தது பேயா ஆளா என்று தெரியாமல் இருக்கிறேன். எங்கே தேடுவது?
- திருக்கோவில்

பதில்: இலங்கை வெளியீடு என்றால் முதலில் ‘நூலகம்’ என்ற வலைத்தளம். 2005 முதல் நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். தமிழகத்து நூல் என்றால் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வெகுசன அச்சுகளை ஒதுக்காமல் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது அது. பட்டியலில் தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்பில் தலைப்பை மாற்றுவது மாத நாவல்களில் சாதாரணம். ஆசிரியர் பெயர், துப்பறிவாளர் பெயர் இரண்டாலும் தேடுங்கள்.

அதே பதிப்பின் பிரதி கிடைத்தால், உங்களிடமுள்ள கடைசிப் பக்கத்தின் இறுதி வரியும் அங்குள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே கொப்பி எடுங்கள். வேறு பதிப்பில் பக்கம் தள்ளியிருக்கும், முடிவு திருத்தப்பட்டும் இருக்கலாம். கொப்பித் தாளின் ஓரத்தில் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று பென்சிலால் குறித்து, தனி உறையிலிட்டுப் புத்தகத்தின் அருகே வையுங்கள். உள்ளே ஒட்டவேண்டாம். அசல் எட்டுப் பக்கம் என்றாவது கிடைத்தால் தைப்பதற்கு மடிப்பு வெறுமையாக இருக்க வேண்டும்.